அவளுக்கு ஒண்ணுமில்ல

வேங்கிக்காலில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைப் பற்றி நல்லதாக ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், மனிதர் தவறாமல் குளிப்பார் என்று சொல்வேன். இன்னொன்று கேட்டால் யோசிக்க நேரம் வேண்டும்.

முதன்முதலாக வீடு பார்க்கப் போனபோதும் அவர் குளித்துக்கொண்டுதான் இருந்தார். கலெக்டர் ஆபீஸுக்கு மாற்றலாகி வந்த புதிது. நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி வீடு காலியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். கதவைத் திறந்தது அவர் மனைவி. ஐம்பது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு. புடவைத் தலைப்பைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தார்.

“தண்ணி எப்படிங்க?” என்று கேட்டேன்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். பதில் குளியலறைக்குள்ளிருந்து வந்தது. “போர் தண்ணி உப்பு. குடிக்கறதுக்குப் பைப்புல வரும்.”

“மேல வெயில் ஜாஸ்தியா இருக்குமா?”

“மலைப் பக்கம் ஜன்னல் வச்சிருக்கேன். காத்து வரும்.” நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம்.

“உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

“ஒரே பையன். பெங்களூர்ல இருக்கான்.”

அந்த அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு சிரித்தார். என்னை வரவேற்கிற சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். வீடு பிடித்துப்போய் அடுத்த வாரமே குடி வந்துவிட்டேன்.

எனக்கு அவர் வீட்டுக்காரர். அந்த அம்மாவுக்கும் வீட்டுக்காரர்தான். இரண்டு பேரில் எனக்குத்தான் உரிமை அதிகம் இருந்தது. என் மாடியில் நான் என்ன சமைக்கிறேன், எப்போது தூங்குகிறேன் என்று அவர் கேட்டதில்லை.

ஏதோ ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தியை யாரும் அவருக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை போலிருக்கிறது. காலையில் சட்டைப்பையில் இரண்டு பேனாவோடுதான் ஹாலுக்கு வருவார். பேசுவதற்கு முன்னால் தொண்டையை ஒருமுறை செருமுவார். எதிரில் இருப்பவர் அதைக் கேட்டு எழுந்து நிற்பார் என்ற நம்பிக்கை அந்தச் செருமலில் இருக்கும். விடிந்ததும் கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை வரைக்கும் நடந்துவிட்டு வருவார். வழியில் டீ குடிக்கிறவர்களிடம் அவர்கள் கேட்காத விஷயங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிவிட்டு வருவார். சாமியார்களுக்குக்கூட மலையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததாக ஒருநாள் என்னிடமே பெருமைப்பட்டார்.

அதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் இப்படி நான்கு பேரைத் தினமும் பார்க்கிறேன். சகிக்க முடியாதது வேறு. மனைவியிடம் யார் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்துதான் வரும்.

“அக்கா, காபி சாப்பிடறீங்களா?” என்று ஒருமுறை அந்த அம்மாவைக் கேட்டேன்.

“அவளுக்குக் காபி பிடிக்காது” என்றார் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அடி அண்ணாமலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அக்கா மாடிக்கு வந்து, நின்றபடியே என்னிடம் காபி வாங்கிக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டார். “எங்க அம்மா வீட்டுல இருந்த வரைக்கும் குடிச்சிட்டு இருந்தேன்மா. இவருக்குப் பிடிக்காது. அதனால எனக்கும் பிடிக்காதுனு சொல்லிட்டாரு. சொன்னப்புறம் எப்படிக் குடிக்கறது?”

அவர் ஒருநாளும் கை நீட்டியவர் இல்லை. குடிக்க மாட்டார். வெற்றிலை பாக்குக்கூடக் கிடையாது. தெருவில் எல்லோரும் அந்த அம்மாவைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். “எவ்ளோ பார்த்துக்கறாரு பாரு, ஒரு வார்த்தை பேச விட மாட்டாரு” என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். கிண்டலாகச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மெய்யாகவே புகழ்ந்திருக்கிறார்.

கண் முகாமில் நடந்ததை நான் சொன்னால் இட்டுக்கட்டுகிறேன் என்பார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாகக் கண் பார்த்தார்கள். எனக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்ததால் மூன்று பேருமாகப் போனோம். அக்காவை நாற்காலியில் உட்கார வைத்து ஒரு கண்ணை மூடச் சொல்லி, சுவரில் இருந்த எழுத்தை டாக்டர் குச்சியால் காட்டினார்.

“இது என்னம்மா?”

“ப” என்றார் இவர், பின்னாலிருந்து.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். குச்சியைக் கீழே நகர்த்தினார். “இது?”

“ட. பக்கத்துல இருக்கறது ம.”

“சார், நான் உங்க கண்ணைப் பார்க்கல.”

“அவளுக்கு நல்லாத் தெரியும் டாக்டர். கூச்சப்படுவா.”

டாக்டர் குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டார். வரிசையில் நின்ற கூட்டம் சிரித்தது. அக்காவும் சிரித்தார். வெளியே வந்ததும் வீட்டுக்காரர் என்னிடம், “பார்த்தியாம்மா, எல்லா எழுத்தும் கரெக்ட். அவளுக்குக் கண்ணுல ஒண்ணுமில்ல” என்றார். அக்காவின் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷம் வேறொரு முகாமில், இவர் வெளியூர் போயிருந்தபோது, அதைக் கண்டுபிடித்தார்கள்.

‘அவளுக்கு ஒண்ணுமில்ல.’ அவர் வாயில் அடிக்கடி வந்த வாக்கியம் இதுதான். எல்லா இடத்திலும் பொருந்துகிற ரப்பர் ஸ்டாம்பு மாதிரி வைத்திருந்தார்.

அவளுக்கு ஒன்றுமில்லாமல் இல்லை. அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு உலோகத்தாலானது. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைப் பாழாக்கிவிட்டது. பையன் பள்ளிக்கூடம் படிக்கும்போது சென்னையில் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அமைதியான அறையில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது திறந்து மூடுகிற சத்தம் கடிகாரம்போலக் கேட்கும். முதல் தடவை கேட்டபோது என் கைக்கடிகாரம் என்று நினைத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். அக்கா தலைப்பைக் கொஞ்சம் விலக்கி நெஞ்சில் நேர்கோடாக ஓடிய தழும்பைக் காட்டினார்.

அந்த வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க அவர் ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். ரத்தத்தை உறைய விடாமல் நீர்க்கச் செய்கிற மாத்திரை. கம்மியானால் வால்வில் கட்டி சேரும். ஜாஸ்தியானால் உடம்பில் எங்கே வேண்டுமானாலும் ரத்தம் கசியும். அதனால் அவ்வப்போது ரத்தத்தைச் சோதித்து, எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி டாக்டர் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதெல்லாம் அக்காவே எனக்குச் சொன்னது. தெளிவாகச் சொன்னார். நான் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவ்வளவு தெரிந்தவருக்கு மாத்திரை டப்பாவைத் தொட அனுமதி இல்லை. அது பீரோவுக்குள் இருந்தது. பீரோ சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் இருந்தது. “அவளுக்கு ஞாபகம் பத்தாது” என்பார். நாத்தனார் பிள்ளைகளின் நட்சத்திரம் முதற்கொண்டு ஒப்பிக்கிற பெண்ணுக்கு!

சாயங்காலம் விளக்கு வைத்ததும் அவர் பீரோவைத் திறப்பார். பழம் நறுக்கும் கத்தியால் மாத்திரையைப் பாதியாக வெட்டுவார். அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அதை ஒரு பூஜைபோலச் செய்வார் அவர். பார்க்கிறவர்களுக்கு உருகும். எனக்கும் முதல் மாதம் உருகியது.

பிறகுதான் தெரிந்தது, ரத்தப் பரிசோதனையை அவர் நிறுத்திவிட்டார் என்று.

“மாசாமாசம் ஊசி குத்தி ரத்தத்த எடுத்தா ஒடம்புல என்னம்மா மிஞ்சும்? எனக்குத் தெரியாதா? ராத்திரி பக்கத்துல படுத்தா அந்த டிக் டிக் சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், ரத்தம் எப்படி ஓடுதுனு.”

“சார், டாக்டரைக் கேக்காம...”

“டாக்டர் என்ன, அவகூட முப்பது வருஷம் குடும்பம் நடத்தினானா?”

இந்த மாதிரி ஒரு பதிலுக்கு மேல் பேச எந்தப் படிப்பிலும் சொல்லித்தருவதில்லை. இருந்தாலும் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அவர் தொண்டையைச் செருமுவார், நான் மாடிக்குப் போய்விடுவேன்.

கார்த்திகை பிறந்து குளிர் ஆரம்பித்தது. மலைமேல் மேகம் உட்கார்ந்துகொண்டு இறங்கவே இல்லை. குளிர் காலத்தில் ரத்தம் கெட்டியாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நெய் உறைகிறதே, ரத்தம் உறையாதா? ஆகவே மாத்திரையை அரையிலிருந்து முழுசாக்கினார். அதே குளிரில் அக்காவுக்கு மூட்டு வலித்தது. அதற்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிவந்து இரண்டு வேளையும் கொடுத்தார். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறார்களா என்று கடைக்காரர் கேட்டாராம். “அவளுக்கு வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி வாங்கிவந்ததாக என்னிடமே சொன்னார், கடைக்காரனுக்கு ஊர் வம்பு அதிகம் என்பதற்கு உதாரணமாக.

மார்கழியில் அக்காவின் முழங்கையில் ஓரிடம் கறுநீலமாகக் கன்றிப்போயிருந்தது. கத்திரிக்காய் நிறம். “என்னக்கா இது?” என்றேன்.

“கதவுல இடிச்சிக்கிட்டா” என்றார் அவர்.

பிறகு தொடைமீது ஒன்று இருப்பதாக அக்கா தனியாகச் சொன்னார். பல் தேய்த்தால் துப்புகிற தண்ணீர் சிவப்பாக இருக்கிறதாம். “இவர்கிட்ட சொன்னேன். பிரஷ்ஷை மாத்துன்னாரு. மாத்திக் கொடுத்தாரு” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாங்க என்று கூப்பிட்டேன். பௌர்ணமி கழியட்டும், அவரே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார் என்றார். கூட்டிப்போகிற உத்தேசம் அவருக்கு இருந்ததா என்று இன்றுவரை எனக்கு உறுதியில்லை.

பௌர்ணமி அன்றைக்கு எனக்கு விடுமுறை. வேலூர் ரோட்டில் பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்று, ஜனங்கள் மூட்டையும் குழந்தையுமாக மலையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். மதியம் கீழே கொடியில் காய்ந்த துணியை எடுக்க இறங்கினேன். சமையலறையில் அக்கா சாதம் வடித்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நின்றார். வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்தினார். விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, குனியக்கூட இல்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அம்மா...” என்று உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்காரர் ஹாலிலிருந்து எழுந்து வந்தார். “வாயு. காலைல கொண்டக்கடலை சாப்பிட்டா.”

“வலிக்குதுங்க. உள்ளார பிச்சிக்கிட்டுப் போற மாதிரி...”

“வலி இல்ல அது. பிடிப்பு.”

கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு உடம்பு எரிந்தது. அக்காவின் விலாவில் வருகிற வலிக்குப் பெயர் வைப்பதும் இவர்தான். பெருங்காயத்தைக் கரைத்துக்கொண்டு வந்தார். கூடவே அந்த வலி மாத்திரை ஒன்று. அக்காவின் முகத்தில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மார்கழிக் குளிரில். உதடு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. கையைப் பிடித்தேன். ஈரத்துணி மாதிரி சில்லென்று இருந்தது.

“சார், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“கொஞ்சம் படுத்தா சரியாயிடும். அவளுக்கு ஒண்ணு...”

அந்த வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் அக்கா எழுந்திருக்கப் பார்த்து, கால் மடங்கி என்மேல் சாய்ந்துவிட்டார். நான் யாரையும் கேட்கவில்லை. எதிர்வீட்டு அம்மாவைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் ஓடிப்போய் ஆட்டோவை நிறுத்தினார். கூட்டத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே ஆட்டோ ஊர்ந்தது. அக்காவின் தலை என் மடியில். வீட்டுக்காரர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எந்தச் சந்தில் போனால் சீக்கிரம் போகலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சந்தில் தடுப்பு போட்டிருந்தார்கள். திரும்பி வந்தோம்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். “என்னம்மா பண்ணுது?” என்று அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டார்.

“வாயுத்தொல்லை. கொண்டக்கடலை...”

“சார், அவங்களைத்தான் கேட்டேன்.” சொல்லிக்கொண்டே ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். உடனே தலையைத் தூக்கினார். “வால்வு மாத்தியிருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா? கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணீங்க?”

“அது இதயத்துக்கு டாக்டர். இது வயிறு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“நீங்க கொஞ்சம் வெளிய இருங்க.”

“நான் இல்லன்னா அவ பேச மாட்டா.”

“பேசுவாங்க” என்றார் டாக்டர். நர்ஸ் பச்சைத் திரையை இழுத்தார். நான் உள்ளே, அவர் வெளியே.

அக்கா பேசினார். மூச்சு வாங்கிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, விட்டு விட்டு. ஆனால் ஒரு வார்த்தை பிசகாமல். மாத்திரையின் பெயர். ஐப்பசி வரைக்கும் அரை, கார்த்திகையிலிருந்து ஒன்று. டெஸ்ட் எடுத்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. மூட்டு வலி மாத்திரை, அதன் நிறம், இரண்டு வேளை. ஈறில் ரத்தம். தொடையில் கன்றியது. மூன்று நாளாக மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது. இந்தக் கடைசி விஷயம் எனக்குக்கூடத் தெரியாது.

“யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன். பீட்ரூட் சாப்பிட்டிருப்பேன்னாரு.”

“சாப்பிட்டீங்களா?”

“எங்க வீட்டுல பீட்ரூட்டே வாங்க மாட்டோம் டாக்டர். இவருக்குப் பிடிக்காது.”

திரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது: “டாக்டர், அவ பயந்தவ, ஜாஸ்தி சொல்லுவா.” திரைக்குக் கீழே அவருடைய செருப்பு இரண்டும் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் அக்காவின் படுக்கைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்துப் படத்தைக் காட்டினார். இடது சிறுநீரகத்தைச் சுற்றி, அதன் உறைக்குள், இருக்கக் கூடாத இடத்தில் ரத்தம் தேங்கியிருந்தது. சிறுநீரகத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றது.

“யாராவது அடிச்சாங்களா? விழுந்தாங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல. நான் பக்கத்துலயே இருந்தேன்” என்றேன்.

“அப்ப தானாவே கசிஞ்சிருக்கு. ரத்தம் ரொம்ப நீர்த்துப்போனா சிலருக்கு இப்படி ஆகும். அபூர்வம்தான், ஆனா ஆகும். இவங்க ரத்தம் எவ்ளோ நீர்த்திருக்குன்னா, மெஷினால அளவே சொல்ல முடியல. வலி மாத்திரை வேற சேர்ந்திருக்கு. பிரஷர் இறங்கிட்டே இருக்கு.”

அப்புறம் அவர் சொன்னதுதான் கஷ்டமானது. கசிவு நிற்க வேண்டுமானால் மாத்திரையை உடனே நிறுத்தி, அதன் வேகத்தை முறிக்க ஊசி போட்டு, ரத்தமும் ஏற்ற வேண்டும். ஆனால் ரத்தம் மறுபடி உறைய ஆரம்பித்தால் உலோக வால்வில் கட்டி உண்டாகலாம். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வே நின்றாலும் நிற்கலாம். “இதய டாக்டர்கிட்ட பேசிட்டேன். நிறுத்தித்தான் ஆகணும்னு அவரும் சொல்றாரு. ரெண்டு பக்கமும் ஆபத்து இருக்கு. அத சொல்லிட்டுத்தான் செய்யணும். செய்யலாமா?”

வாழ்க்கை முழுக்க யாரும் கேட்காமலேயே பதில் சொன்ன மனிதர் அவர். இப்போது ஒரு டாக்டர் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்கிறார். தொண்டையைச் செருமினார். சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். “சென்னை டாக்டர் ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாதுன்னாரு... பையனைக் கேட்டுட்டு... கொஞ்சம் டைம்...”

“டைம் இல்ல சார்.”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ என்னம்மா சொல்றே?”

எனக்கு அந்த நிமிஷத்தில் அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று பலர் சொல்லலாம். வரவில்லை. ‘அவங்களையே கேளுங்க’ என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், படுக்கையிலிருந்து குரல் வந்தது.

“நிறுத்துங்க டாக்டர். ஊசி போடுங்க.”

மெல்லிய குரல். ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் அக்காவிடம் போய் இரண்டு பக்கத்து ஆபத்தையும் மறுபடி சொன்னார். அக்கா தலையசைத்தார். “தெரியும். புரியுது. போடுங்க.”

ஊசி போட்டு, ரத்தம் ஏற்றி, பிரஷர் கொஞ்சம் நின்றதும், கசிகிற ரத்தக் குழாயை உள்ளேயே அடைக்க வேண்டியிருக்கலாம், அந்த வசதி வேலூரில் இருக்கிறது என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கூட யார் வருவது என்று நர்ஸ் கேட்டார், ஒருவருக்குத்தான் இடம். வீட்டுக்காரர் படியில் காலை வைத்துவிட்டார்.

அக்கா படுத்தபடியே தலையைத் திருப்பினார். “இவங்க வரட்டும்” என்று என்னைக் காட்டினார்.

“நான் இல்லாம அங்க டாக்டருக்கு யாரு விவரம் சொல்றது?”

“நான் சொல்லிக்கறேங்க” என்றார் அக்கா.

கோபமே இல்லாமல் சொன்னார். அவர் காலை இறக்கினார். மலையைச் சுற்றப் போகிற கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டது. சிலர் எங்களைப் பார்த்தும் கும்பிட்டார்கள்.

அக்கா பிழைத்தார். வேலூரில் தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிந்த ரத்தக் குழாயை அடைத்தார்கள். வால்வு நின்றுவிடுமோ என்று நாலைந்து நாள் எல்லோரும் நெஞ்சின்மேலேயே காதை வைத்திருந்தோம். நிற்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தினமும் ரத்தத்தைச் சோதித்து, மறுபடி மாத்திரையை ஆரம்பித்தார்கள். தேங்கிய ரத்தம் வற்ற மாதங்கள் ஆகுமாம். வற்றிய பிறகு திரும்ப ஸ்கேன் எடுத்து, அடியில் கட்டி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. இந்த முறை அதைச் சொன்னது டாக்டர்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நேராகக் கீழ்பென்னாத்தூரில் தங்கை வீட்டுக்குப் போனார். ஒரு மாதம் என்று போனவர் நிலக்கடலை அறுவடை முடிகிற வரைக்கும் வரவில்லை. வந்தபோது மாத்திரை டப்பாவைக் கையோடு கொண்டுவந்து சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். பரிசோதனைக்குத் தானே பஸ் ஏறிப் போய்வந்தார். வீட்டுக்காரர் மாறிவிட்டாரா என்று கேட்டால், இல்லை. டெஸ்ட் ரிசல்ட்டை ஊரெல்லாம் தான் எடுத்த மார்க்கு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆபத்தைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்தது தான்தான் என்று டீக்கடையில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் மாற்றல் வந்தது.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது, அக்கா தங்கை வீட்டில் இருந்த அந்த மாதங்களில் ஒரு சாயங்காலம்தான். நான் ஆபீஸிலிருந்து வந்து படியேறப் போனேன். ஹாலில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டார். சட்டையில் பேனா இல்லை.

“ஏம்மா, அவளுக்கு ஒரு போன் போட்டு, எப்படி இருக்கானு கேட்டுச் சொல்லேன்.”

“நீங்களே கேக்கலாமே சார்.”

“நான் என்ன கேக்கறது?” என்றார். நடிப்பில்லை. மெய்யாகவே தெரியாமல் கேட்டார்.

நான் எண்ணைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மணி அடித்தது. அக்காவின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. இவர் செருமினார். காதில் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பையன் மாதிரி, “வலிக்குதா?” என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து அக்கா ஏதோ சொன்னார். கொஞ்ச நேரம் சொன்னார். இவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு போனை நெஞ்சில் வைத்து மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வலிக்குதுங்கறா” என்றார் ரகசியமாக. “இதுக்கு நான் என்னம்மா சொல்லணும்?”